உலோகத்தில் மரை வெட்டுவது: டேப்பைத் தேர்ந்தெடுப்பது முதல் உடைந்த டேப்பை எடுப்பது வரை

துளைக்குள் மரை வெட்டும் கருவிதான் டேப்; எம்4 என்றால் 4 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் மரை. எம்4 டேப் உடையும்போது பெரிய சத்தம் வருவதில்லை. காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சின்ன 'டிக்', அவ்வளவுதான். கையில் இருக்கும் டேப் ரென்ச், அதாவது டேப்பைத் திருகும் கைப்பிடி, திடீரென்று இலேசாகிவிடும். அறுத்து, அரம் போட்டு, குறியிட்டு, துளையிட்டு முடித்த வேலையின் கடைசித் துளையில்தான் பெரும்பாலும் இது நடக்கும். உடைத்தவரைக் கேட்டால் "கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டேன்" என்பார். நான் உடைத்த டேப்புகளை எண்ணிப் பார்த்தால், வெறுமனே கூடுதலாகத் திருகியதால் போனவை மிகக் குறைவு. துளை சிறிதாக இருந்திருக்கும், அல்லது டேப் சாய்ந்து நுழைந்திருக்கும், அல்லது மறுபுறம் திறக்காத மூடிய துளையின் அடியில் சீவல் அடைத்திருக்கும். திருகிய கை அந்தத் தவறை வெளியே காட்டியது, அவ்வளவே. அதனால் இந்த வழிகாட்டியில் திருகுவதற்கு முன்னால் நடக்க வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், அது எந்த மரை?

புதிதாக ஒரு பொருளைச் செய்கிறீர்கள் என்றால் இந்தக் கேள்வி எளிது: மெட்ரிக் கோர்ஸ் மரையை (புரிகள் அகன்று நிற்கும் வழக்கமான மரை) எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள போல்ட்டுக்குத் துணையாக மரை வெட்டுவதென்றால்தான் அளக்க வேண்டும். வெர்னியரை போல்ட்டின் வெளிவிட்டத்தில் வையுங்கள். எம்6 போல்ட் சரியாக 6 மி.மீ. காட்டாது. 5.8 முதல் 5.95 வரை ஏதாவது காட்டும். அது இயல்பு, போல்ட் தேய்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அடுத்து பிட்ச், அதாவது ஒரு புரியின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம். பிட்ச் கேஜின் தகட்டை மரையில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் ஒளி கசியாத தகடு எதுவோ அதுவே அளவு. கேஜ் இல்லையென்றால் பத்துப் பிட்சின் நீளத்தை ஸ்கேலில் அளந்து பத்தால் வகுக்கலாம்.

எம்8 என்றாலே 1.25 பிட்ச் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1.0 பிட்ச் கொண்ட ஃபைன் மரையும், அதாவது புரிகள் நெருங்கிய மரையும், எம்8தான். எம்10 இல் 1.5, 1.25, 1.0 என மூன்றும் புழக்கத்தில் உள்ளன. வாகன எஞ்சின்களில் பரவலாக உள்ள ஸ்பார்க் பிளக் மரை எம்14 × 1.25. அது ஃபைன் மரை, கோர்ஸ் அல்ல.

அங்குல மரைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841 இல் முன்மொழிந்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரைக்கும் அமெரிக்க யு.என்.சி. மரைக்கும் 60 பாகை. கால் அங்குல விட்வொர்த்திலும் கால் அங்குல யு.என்.சி.யிலும் அங்குலத்துக்கு 20 புரிதான். அதனால் ஒன்றின் நட் மற்றதன் போல்ட்டில் ஏறிவிடும். பக்கச் சரிவுகள் முழுமையாகப் படியாது என்பதை ஏறும்போது கை உணராது. அரை அங்குலத்திலோ விட்வொர்த்துக்கு 12 புரி, யு.என்.சி.க்கு 13. சில சுற்றுகளிலேயே இறுகிக்கொள்ளும். அது ஒரு வகையில் நல்லது, தவறு உடனே தெரிந்துவிடுகிறது.

குழாய் மரையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 'ஜி 1/4' என்ற மரையை அளந்தால் எங்கும் கால் அங்குலம் வராது. வெளிவிட்டம் 13.157 மி.மீ., அங்குலத்துக்கு 19 புரி. அந்தப் பெயர் பழைய கணக்கில் குழாயின் உள்துளையைக் குறித்தது, மரையை அல்ல.

எந்த டேப்?

கைவேலைக்கான டேப்புகள் மூன்று கொண்ட செட்டாக வருகின்றன: டேப்பர், செகண்ட், பிளக். மூன்றுக்கும் முதல் வேறுபாடு முனைச் சரிவின் நீளம். டேப்பரில் ஏழு முதல் பத்துப் புரிகள் வரை சரிந்திருக்கும். செகண்டில் மூன்று முதல் ஐந்து, பிளக்கில் ஒன்று அல்லது இரண்டு. சரிவு நீளமாக இருந்தால் வெட்டும் வேலை பல பற்களுக்கிடையே பிரிந்துபோகும், டேப்பும் நேராக நுழையும். சரிவு குறைந்தால் துளையின் அடிவரை மரை கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு பல்லும் அதிகமாக உழைக்க வேண்டும். அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே பிளக் என்பது நடு டேப். கடைசி டேப்புக்கு அவர்கள் வைத்த பெயர் பாட்டமிங்.

சில செட்டுகளில் இன்னொரு வேறுபாடும் உண்டு. முதல் இரண்டு டேப்புகளின் விட்டமே சற்றுக் குறைவாக இருக்கும். தண்டில் ஒரு வளையக் கோடு இருந்தால் முதலாவது, இரண்டு இருந்தால் இரண்டாவது. கோடே இல்லாதது (சிலவற்றில் மூன்று கோடு) கடைசி டேப். இத்தகைய செட்டில் முதல் டேப்போடு நிறுத்தினால் போல்ட் ஏறாது. "டேப் தவறான அளவு" என்று பலர் திருப்பிக் கொடுப்பது இதைக் கவனிக்காமல்தான். மூன்றும் ஒரே விட்டம் கொண்ட செட் என்றால், இருபுறமும் திறந்த துளைக்கு டேப்பர் ஒன்றே போதும். அதை மறுபுறம் வரை முழுதாகக் கடத்திவிடுங்கள்.

கையில் ஒரே ஒரு டேப்தான் வைத்திருக்கலாம் என்றால் நான் கன் டேப்பை எடுப்பேன். இதன் காடிகள் (பற்களுக்கிடையே சீவல் போகும் நீளப் பள்ளங்கள்) நேரானவை, ஆனால் முனையில் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். அதனால் சீவல் நீண்ட சுருளாக டேப்புக்கு முன்னால் தள்ளப்பட்டு மறுபுறம் விழும். காடிகள் அடைபடுவதில்லை. காடிகளை ஆழமாக வெட்ட வேண்டியதில்லை என்பதால் நடுத்தண்டும் தடிமனாக, வலுவாக இருக்கும். திறந்த துளைகளுக்கு இதைவிட நிம்மதியான டேப் கிடையாது. மூடிய துளையில் இதைப் பயன்படுத்தினால் கதை தலைகீழாகிவிடும்: தள்ளிய சீவல் முழுவதும் அடியில் போய் உட்காரும்.

மூடிய துளைக்கு உரியது ஸ்பைரல் டேப். டிரில் பிட் போலச் சுழன்று ஏறும் காடிகள் சீவலை மேலே இழுத்து வெளியேற்றும். அலுமினியத்திலும் மைல்டு ஸ்டீலிலும் அழகாக வேலை செய்யும். வார்ப்பிரும்பின் சீவல் தூளாகத்தான் வரும், சுருளாக வராது. அதற்கு நேர்க்காடி டேப்பே போதும்.

காடியே இல்லாமல், எண்ணெய் போவதற்கு மெல்லிய வரிகள் மட்டும் கொண்ட டேப்பைப் பார்த்திருக்கலாம். அது வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கித் தள்ளி மரையாக உருவாக்குகிறது. சீவலே வராது. அலுமினியம், செம்பு, மைல்டு ஸ்டீல் போன்ற நொறுங்காமல் நெகிழ்ந்து கொடுக்கும் உலோகங்களுக்கு மட்டுமே ஏற்றது, வார்ப்பிரும்பில் போட்டால் அது நொறுங்கும். இதற்குத் துளை பெரிதாக இருக்க வேண்டும்: எம்6க்கு 5 மி.மீ. அல்ல, ஏறத்தாழ 5.5 மி.மீ.

டேப் செய்யப்பட்ட பொருள் விஷயத்தில் என் கருத்து கறாரானது. பெட்டி நிறைய அளவுகளோடு வரும் கார்பன் ஸ்டீல் செட்டுகளில் பாதி அளவுகளை நீங்கள் ஆயுளில் தொடப்போவதில்லை. தொடுகிற நான்கு அளவுகளோ சீக்கிரம் கூர் மழுங்கிவிடும். எம்4, எம்5, எம்6, எம்8 நான்கை மட்டும், மரை கிரைண்ட் செய்யப்பட்ட எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) தரத்தில், அவற்றுக்குரிய டிரில் பிட்டுகளோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அடிக்கடி வேலை இருந்தால் கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ். தேவை. தண்டில் 'எம்8 × 1.25 எச்.எஸ்.எஸ். 6எச்' என்பது போலப் பொறித்திருக்கும். கடைசியில் உள்ள 6எச் என்பது பொதுப் பயன்பாட்டு மரைக்கான துல்லிய அளவு, சாதாரண போல்ட்டுக்கு அதுவே சரி.

துளை: பாதி வேலை இங்கே முடிகிறது

துளையின் அளவுக்கு ஒரே சூத்திரம்: வெளிவிட்டத்திலிருந்து பிட்சைக் கழியுங்கள். எம்6க்கு 6 − 1 = 5 மி.மீ. கோர்ஸ் மரைகளுக்கு இப்படி வரும்:

எம்3 × 0.5: 2.5 மி.மீ.
எம்4 × 0.7: 3.3 மி.மீ.
எம்5 × 0.8: 4.2 மி.மீ.
எம்6 × 1.0: 5.0 மி.மீ.
எம்8 × 1.25: 6.8 மி.மீ.
எம்10 × 1.5: 8.5 மி.மீ.
எம்12 × 1.75: 10.2 மி.மீ.
எம்16 × 2.0: 14.0 மி.மீ.

அங்குல மரைக்கும் இதே சூத்திரம்தான். கால் அங்குலம் 6.35 மி.மீ., 20 புரி என்றால் பிட்ச் 1.27 மி.மீ. கழித்தால் 5.08, அதாவது 5.1 மி.மீ. டிரில்.

இந்தச் சூத்திரம் முழு ஆழ மரையைத் தருவதில்லை. சுமார் 77 விழுக்காடு ஆழத்தையே தருகிறது. இதைக் கேட்டதும் "அப்படியானால் இன்னும் சிறிய துளை போட்டால் மரை வலுவாகுமே" என்று தோன்றும். வலு சொற்பமாகத்தான் கூடும். டேப் தாங்க வேண்டிய முறுக்கோ பல மடங்கு ஏறிவிடும். 4.8 மி.மீ. துளையில் எம்6 டேப்பை இறக்குவது, அதை உடைப்பதென்று நாள் குறிப்பது போல. எதிர்த்திசையில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். எம்6க்கு 5.2 மி.மீ. துளை போட்டாலும் 62 விழுக்காடு மரை கிடைக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஆழமான துளைகளிலும் நான் தயங்காமல் அந்த 5.2க்குப் போய்விடுவேன். மரை போதுமான நீளத்துக்குப் பிடித்திருந்தால் மரை கழலுவதற்கு முன் போல்ட்தான் அறும்.

போதுமான நீளம் என்பது எவ்வளவு? ஸ்டீலில் போல்ட்டின் விட்டமளவு, வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கு, அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அதற்கு மேல் ஆழமாக மரை வெட்டுவது வீண் உழைப்பு. மேலும் ஒவ்வொரு சுற்றும் டேப் உடைவதற்கு இன்னொரு வாய்ப்பு.

மூடிய துளையில் ஆழக் கணக்கைத் தாளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். எம்8 இல் 12 மி.மீ. முழு மரை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிளக் டேப்பின் முனையில் இரண்டு புரி முழுமையடையாது, அது 2.5 மி.மீ. சீவல் தங்க இன்னும் 3 மி.மீ. ஆகத் துளையின் ஆழம் குறைந்தது 17.5 மி.மீ. இதை டிரில்லின் முழு விட்டம் தொட்ட இடம் வரை அளக்க வேண்டும். கூம்பு முனை இந்தக் கணக்கில் சேராது. துளையை மறுபுறம் வரை திறந்துவிட வழி இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், திறந்துவிடுங்கள்.

டிரில் பிட்டின் இரு உதடுகளும் சமமாகத் தீட்டப்படாவிட்டால் 5 மி.மீ. பிட் 5.2 துளை போடும். சொந்தமாகத் தீட்டிய பிட் என்றால் கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டு அளந்துவிட்டு வேலையில் இறங்குங்கள். துளை முடிந்ததும் வாயை 90 பாகை கவுண்டர்சிங்க்கால் (கூம்பு வடிவ வெட்டுமுனை), டேப்பின் விட்டத்தைவிடச் சற்று அகலமாக, இலேசாகச் சரியுங்கள். டேப் நுழைய இடம் கிடைக்கும். முதல் புரி மேலெழும்பிப் பிசிறாக நிற்பதும் தவிர்க்கப்படும்.

நேராக நிறுத்தி, வெட்டுவது

வேலைத்துண்டை வைஸில் மட்டமாகப் பிடியுங்கள். அது சாய்ந்திருந்தால் உங்கள் கண்ணும் சாய்ந்துவிடும். எம்6 வரை டி வடிவக் கைப்பிடி, அதற்கு மேல் இருபுறமும் நீண்ட டேப் ரென்ச். எம்4 டேப்பை ஒரு முழ நீள ரென்ச்சில் மாட்டினால் டேப் படும் பாட்டைக் கை உணராது. ஸ்பானரால் டேப்பைத் திருகுவது அதைவிட மோசம். விசை ஒரு பக்கமாகவே விழுந்து டேப்பைச் சாய்த்துவிடும்.

நேராக நிறுத்த மிக நம்பகமான வழி, துளையிட்ட டிரில் மெஷினிலேயே துண்டை அசைக்காமல் விட்டு, பிட்டைக் கழற்றி, அதைப் பிடித்திருந்த அதே சக்கில் டேப்பை மாட்டுவது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சக்கைக் கையால் சுற்றி முதல் இரண்டு மூன்று புரிகளை மட்டும் எடுங்கள். பிறகு சக்கைத் திறந்து, டேப் துளையிலேயே நிற்க, ரென்ச்சை மாட்டித் தொடருங்கள். டிரில் மெஷின் இல்லாதவர்கள் தடித்த ஒரு கட்டையில், இரும்போ கெட்டியான மரமோ, டேப் தாராளமாக நுழையும் அளவுக்கு நேர்த்துளை போட்டு அதை வழிகாட்டியாகத் துளைமேல் வைத்துப் பிடிக்கலாம்.

வெறும் கையால் தொடங்குவதென்றால், உள்ளங்கையை ரென்ச்சின் நடுவில் வைத்து, கீழ்நோக்கி அழுத்தியபடி திருகுங்கள். டேப் கவ்விக்கொண்டதும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். இனி மரையே டேப்பை உள்ளிழுத்துக்கொள்ளும். இரண்டு சுற்று முடிந்ததும் ரென்ச்சைக் கழற்றி, மூலைமட்டத்தை டேப்பின் அருகே வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பார்த்தால் போதாது, கால் வட்டம் நகர்ந்து இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். சாய்வு தெரிந்தால் டேப்பைப் பின்னுக்கு எடுத்து, எதிர்ப்பக்கம் இலேசான அழுத்தம் கொடுத்து மீண்டும் தொடங்குங்கள். நான்கைந்து புரி உள்ளே போனபின் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். மரை நிமிராது, டேப்தான் முறியும்.

இனி இரு கைகளும் சமமாக, அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். பின்னால் திருப்பும்போது ஒரு சின்ன தடை வந்து விட்டுப்போவதை விரல்களில் உணர்வீர்கள். சீவல் அறுந்த இடம் அது. அது அறும்வரை பின்னால் திருப்பினால் போதும். கன் டேப்பில் இந்த முன்பின் ஆட்டம் தேவையில்லை, நடுவில் நிறுத்தாமல் திருகிக்கொண்டே போகலாம்.

எப்போது நிறுத்துவது என்பதை ரென்ச்சே சொல்லும். திருகிய நிலையில் கையின் விசையை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். ரென்ச் நின்ற இடத்திலேயே நின்றால் டேப் வெட்டிக்கொண்டிருக்கிறது. தானாகப் பின்னால் நகர்ந்தால், டேப் வெட்டாமல் ஸ்பிரிங் போல முறுக்கேறி நிற்கிறது என்று பொருள். அங்கேயிருந்து இன்னும் ஒரு கால் சுற்றில்தான் அந்த 'டிக்' காத்திருக்கிறது. முழுவதுமாக வெளியே எடுங்கள், சீவலைத் துடையுங்கள், எண்ணெய் விடுங்கள், துளையின் அளவை மீண்டும் அளந்து பாருங்கள்.

அடுத்த டேப்புக்கு மாறும்போது ரென்ச் இல்லாமல், விரலால் மட்டும் சில சுற்று ஏற்றுங்கள். முன்பு வெட்டிய மரையில் அது தானாக வழுக்கி இறங்க வேண்டும். விரலுக்கு அடங்காமல் முரண்டு பிடித்தால் வேறு தடத்தில் வெட்டத் தொடங்கியிருக்கிறது.

மூடிய துளையில் டேப்பின் தண்டில் ஆழத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூன்று நான்கு சுற்றுக்கும் டேப்பை முழுதாக வெளியே எடுத்துச் சீவலை அகற்றுங்கள். காற்றடித்து எடுப்பதென்றால் கண்ணாடி அணியாமல் குனிய வேண்டாம். ஊதிய சீவல் நேராக முகத்துக்குத்தான் வரும். இறுக்கம் சட்டென்று ஏறினால் டேப் அடியைத் தொட்டுவிட்டது.

எண்ணெய் உலோகத்துக்கு உலோகம் மாறும். ஸ்டீலுக்குக் கந்தகம் கலந்த கட்டிங் ஆயில் சிறந்தது. இயந்திரத்துக்கு ஊற்றும் சாதாரண எண்ணெய், ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை என்ற அளவே. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் அருமையாக வேலை செய்கிறது, அது இல்லாவிட்டால் சீவல் பற்களில் ஒட்டி மரையைக் கிழித்துவிடும். வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம். அதில் உள்ள கிராஃபைட்டே வழுவழுப்பைத் தரும், எண்ணெய் விட்டால் தூள் பசையாகிக் காடியை அடைக்கும். பித்தளைக்கும் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கெட்டியான கட்டிங் ஆயிலைத் தாராளமாக விடுங்கள். டேப்பின் கூர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும். தயங்கித் தயங்கி உரசினால் அந்த உலோகம் உரசிய இடத்திலேயே கடினமாகிவிடும்.

இயந்திரத்தில் வெட்டுவதென்றால் ஸ்பைரல் அல்லது கன் டேப், திசை மாறிச் சுழலும் வசதி, சற்று மேலும் கீழும் அசைந்து கொடுக்கும் டேப் ஹோல்டர் மூன்றும் வேண்டும். ஒரு சுழற்சிக்கு டேப் ஒரு பிட்ச் இறங்கியாக வேண்டும் என்பதால்தான் அந்த அசைவு. மைல்டு ஸ்டீலில் எச்.எஸ்.எஸ். டேப்புக்கு நிமிடத்துக்கு 10 மீட்டர் வெட்டு வேகம் நல்ல தொடக்கம். எம்8க்கு அது ஏறத்தாழ 400 சுழற்சி.

முடிந்த மரையில் புது போல்ட்டை விரலால் ஏற்றிப் பாருங்கள். அடிவரை தடங்கலின்றி இறங்க வேண்டும், பக்கவாட்டில் தளதளவென்று ஆடவும் கூடாது.

உடைந்துவிட்டால்

முதலில் கையை எடுங்கள். பதற்றத்தில் அடிக்கும் முதல் அடிதான் நல்ல துளையையும் கெடுக்கும். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். உள்ளே முறிந்திருந்தால் காடிகளுக்குள் கம்பி விரல்களை நுழைத்துத் திருகும் எக்ஸ்ட்ராக்டர் உண்டு. சீவல் அடைத்து உடைந்த டேப்பில் அந்த விரல்களே வளைந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். உடைந்த டேப்பைச் சாதாரண டிரில்லால் துளைக்க முயலாதீர்கள். டேப்பும் டிரில்லும் ஒரே கடினம், டிரில் வழுக்கிப் பக்கத்து உலோகத்தைத் தின்றுவிடும். கார்பைடு பிட் துளைக்கும், ஆனால் துண்டு துளியும் அசையாமல் இருக்க வேண்டும். விலைமதிப்புள்ள பாகம் என்றால் மின்பொறியால் அரிக்கும் ஈ.டி.எம். இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொண்டுபோவதே நல்லது. பெரிய டேப்பின் முறிந்த முகத்தில் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருகி எடுப்பதும் உண்டு.

அலுமினியத்துக்கு மட்டும் ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது: படிகாரம். ஒருமுறை அலுமினியக் கட்டையின் பதினோராவது துளையில் எம்3 கார்பன் ஸ்டீல் டேப்பை உடைத்துவிட்டேன். கட்டையைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, படிகாரத்தைக் கரையும் மட்டும் கரைத்த வெந்நீரை ஊற்றி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாகவே வைத்திருந்தேன். சிறிது நேரத்தில் துளையின் வாயிலிருந்து ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாக எழத் தொடங்கின. கரைசல் இரும்பை அரிக்கும், அலுமினியத்தை ஏறத்தாழ விட்டுவிடும். மறுநாள் காலை குண்டூசியால் குத்தியதும் டேப் கருஞ்சேறாக உதிர்ந்தது. மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்புப்பொறி இல்லாமல் செய்ய வேண்டும். அந்தக் குமிழ்கள் ஹைட்ரஜன்.

டேப் வந்துவிட்டது, மரைதான் பாழ் என்றால் ஒரு அளவு பெரிதாக வெட்டலாம். அதே போல்ட்தான் வேண்டும் என்றால், துளைக்குள் புது மரையாக அமரும் கம்பிச்சுருள் இன்சர்ட் போடலாம். அதற்கென்றே தனி டேப் உண்டு, சாதாரண டேப் பொருந்தாது. அலுமினியத்தில் அடிக்கடி கழற்றி மாட்டும் போல்ட் என்றால், மரை கெடும்வரை காத்திராமல் முதலிலேயே இன்சர்ட் போட்டுவிடுவது என் வழக்கம்.

வேலை முடிந்ததும் டேப்பைப் பிரஷ்ஷால் துலக்கி, எண்ணெய் தடவி, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி உறையில் வையுங்கள். வெட்டும் விளிம்பை நகத்தில் மெல்ல இழுத்தால் கூரான பல் நகத்தைச் சுரண்டும், மழுங்கியது வழுக்கும். வழுக்குகிற டேப்புகளின் தண்டில் சிவப்புப் பெயின்ட் தடவித் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பெயின்ட் அடைத்த பழைய மரைகளைத் துடைத்தெடுக்க அவைதான் வருகின்றன.